பாக்டீரியாவுக்கு ஏது கேஒய்சி?

முதலில் ஒரு டிஸ்கி. நான் பி.காம். ஆசாமி. பயாலஜியைப் பத்தாம் கிளாஸோடு விட்டவன். பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரம் வலியசாலை, பிழைப்பு மஸ்கட்டில் ஒரு வங்கியில். கடன் கோப்பு படிக்கிற கண்ணோடுதான் இதையும் படித்தேன், அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன். விஷயம் தெரிந்தவர்கள், எளிமைக்காக நான் விட்டுவிட்டதைப் பின்னூட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நம் குடும்பங்களின் வாட்ஸப் குழுக்களில் இரண்டு ஃபார்வர்டுகள் மாறி மாறி வருகின்றன. ஒன்று: "மரபணு மாற்றிய பயிரில் பாக்டீரியாவின் ஜீனைத் திணிக்கிறார்கள், இயற்கைக்கு விரோதம், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்." இரண்டாவது, அதைப் படித்துக் கடுப்பான யாராவது ஒரு மச்சான் போடுவது: "சர்க்கரைவள்ளிக் கிழங்கிலேயே பாக்டீரியா ஜீன் இருக்கிறது, சும்மா பயப்படாதீர்கள்." இரண்டுமே பாதி நிஜம். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு பாதியையும் சேர்த்தாலும் முழு நிஜம் வராது. ஏன் என்று பார்ப்போம்.

கதாநாயகன் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. பெயர் அக்ரோபாக்டீரியம். ரோஜா, திராட்சை மாதிரிச் செடிகளில் தண்டும் வேரும் சேரும் இடத்தில் முண்டு முண்டாகக் கழலை வரும். அதற்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று 1907-ல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித்தும் சார்லஸ் டவுன்சென்டும் காட்டினார்கள். எப்படிச் செய்கிறது என்பது பிடிபட இன்னும் 70 வருஷம் ஆனது. 1977-ல் சியாட்டிலில் மேரி-டெல் சில்டனின் குழு, கழலைச் செல்லுக்குள் பாக்டீரியாவின் டிஎன்ஏ துண்டு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தது. அதாவது, இந்த பாக்டீரியா தன் சொந்த டிஎன்ஏவில் ஒரு பகுதியைச் செடியின் செல்லுக்குள் அனுப்பிவைக்கிறது. அது அங்கே செடியின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்கிறது.

அனுப்பி என்ன லாபம்? உள்ளே போன துண்டு இரண்டு வேலை செய்கிறது. செல்லைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைக்கிறது, அதுதான் கழலை. கூடவே ஓபைன் என்ற ஒரு பண்டத்தைத் தயாரிக்க வைக்கிறது. செடிக்கு அதனால் பயனில்லை, பாக்டீரியாவுக்கு அது சாப்பாடு. எங்கள் பாஷையில் சொன்னால், அடுத்தவன் கடைக்குள் புகுந்து, அவன் கல்லாவிலிருந்து மாதாமாதம் தன் கணக்குக்குப் பணம் வர ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுவிட்டு வருகிற வேலை :-)

இந்த வேலையைச் செய்யும் ஜீன்களுக்கு விர் ஜீன்கள் என்று பெயர். அவற்றுக்குள் ஒரு ஆபீஸே நடக்கிறது. செடியில் காயம் பட்டால் அங்கிருந்து சில ரசாயனங்கள் கசியும். அந்த வாசனையை விர்-ஏ பிடிக்கிறது, விர்-ஜிக்குத் தகவல் போகிறது, விர்-ஜி மற்ற விர் ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. விர்-டி குடும்பம் அனுப்ப வேண்டிய துண்டை வெட்டி எடுக்கிறது. விர்-பி குடும்பத்தின் 11 புரதங்கள் சேர்ந்து செடிக்குள் போகக் குழாய் மாதிரி ஒரு வழி அமைக்கின்றன. விர்-ஈ போகும் வழியில் துண்டு சிதையாமல் போர்த்துகிறது.

இதில் நம்மவர் பங்கும் உண்டு. துண்டின் ஓரத்தில் வெட்டு விழுவதற்கு ஏ, ஜி, டி ஆகிய மூன்று விர் ஜீன்களும் வேண்டும் என்று காட்டிய 1987-ஆம் வருஷத்து ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் கே. வேலுத்தம்பி. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டான்டன் கெல்வினோடு செய்த வேலை. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு இதே பாக்டீரியாவை வைத்துப் பல வருஷம் வேலை செய்தார். (திருவனந்தபுரத்துக்காரனுக்கு அந்தப் பேரைக் கேட்டால் முதலில் தளவாய்தான் ஞாபகம் வருவார். அது வேறு கதை.) நம் இட்லிக்கு உளுந்து தரும் செடியை மஞ்சள் தேமல் நோய் பிடித்து ஆட்டுகிறதே, அந்த வைரஸை வெள்ளை ஈதான் பரப்பும். ஈயை எதிர்பார்க்காமல், வைரஸின் டிஎன்ஏவை அக்ரோபாக்டீரியத்தின் தோளில் ஏற்றிச் செடிக்குள் அனுப்பி நோயைப் படிக்கும் முறையை அவருடைய மதுரைக் குழு 2003-ல் வெளியிட்டது.

இப்போது முக்கியமான சங்கதி. அனுப்பும் துண்டின் இரண்டு ஓரத்திலும் 25 எழுத்து நீளத்துக்கு ஒரு குறி இருக்கிறது. விர் ஜீன்கள் பார்ப்பது அந்தக் குறியை மட்டும்தான். நடுவில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கழலை ஜீனை எடுத்துவிட்டு வேறு எதை வைத்தாலும் அதே பவ்யத்தோடு கொண்டுபோய்ச் சேர்க்கும். 1983-ல் விஞ்ஞானிகள் இதைத்தான் செய்தார்கள். கழலை ஜீனைக் கழற்றிவிட்டு தாங்கள் விரும்பிய ஜீனை வைத்துப் புகையிலைச் செடிக்குள் அனுப்பினார்கள். மரபணு மாற்றுப் பயிர் என்ற தொழிலே அங்கேதான் ஆரம்பம்.

இங்கேதான் எனக்குத் தொழில் புத்தி விழித்துக்கொள்கிறது. ஊருக்குப் பணம் அனுப்பப் போனால் அடையாள அட்டை காட்டு, எங்கிருந்து வந்த பணம், யாருக்குப் போகிறது, எதற்கு என்று குடைகிறோமே, அதற்குப் பெயர் கேஒய்சி. அனுப்புகிறவனைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தை நகர்த்தக் கூடாது என்பது சட்டம். அக்ரோபாக்டீரியம் கேஒய்சி கேட்காத கூரியர். அதனால் கேட்க வேண்டியது நாம். ஆனால் நாமோ கூரியரைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒருவர் "கூரியர் கெட்டவன்" என்கிறார். மற்றவர் "கூரியர் ஆயிரம் வருஷமாக வந்துபோகிறவன்தான்" என்கிறார். பார்சலைப் பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

கூரியர் பழைய ஆள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். 2015-ல் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகமும் பெருவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையமும் சேர்ந்து ஒரு ஆய்வை வெளியிட்டன. பயிரிடப்படும் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் 291 மாதிரிகளைச் சோதித்தார்கள். அத்தனையிலும் அக்ரோபாக்டீரியம் விட்டுச் சென்ற ஜீன்கள் இருந்தன. எந்த லேபும் செய்யவில்லை. மண்ணிலேயே நடந்த வேலை. 2019-ல் தத்யானா மத்வீவாவும் லியோன் ஓட்டனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய பட்டியல் போட்டது. வேர்க்கடலை, தேயிலை, கொய்யா, வேம்பு ஆகியவற்றின் இனங்கள் அதில் வருகின்றன. நம் ஊர் காச்சில் கிழங்கும் வருகிறது. ஆக, மார்கழித் திருவாதிரைக்கு மலையாள வீடுகளில் சுடும் எட்டங்காடியிலும், நம் வீடுகளில் களிக்குத் தொட்டுக்கொள்ளும் கூட்டிலும் பல தலைமுறையாக பாக்டீரியா ஜீன் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆக, முதல் ஃபார்வர்டு அவுட். செடிக்குள் பாக்டீரியாவின் ஜீன் நுழைவதே இயற்கைக்கு விரோதம் என்ற வாதம் நிற்காது.

ஆனால் இரண்டாவது ஃபார்வர்டும் ஜெயிக்கவில்லை. கிழங்கில் இருக்கும் பழைய ஜீன் நல்லது என்பதால் நாளைக்கு வரும் புது ஜீனும் நல்லது என்று எப்படிச் சொல்ல முடியும்? பத்து வருஷம் ஒழுங்காகக் கடன் கட்டிய ஒருவரைக் காட்டி, அதே தெருவில் இருக்கும் வேறொருவருக்கு ஜாமீன் இல்லாமல் கடன் கொடுத்தால், என் மேனேஜர் எனக்குப் பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்.

உதாரணம் இருக்கிறது. ஒரு அமெரிக்க விதை நிறுவனம் தீவனத்தின் சத்தைக் கூட்ட, பிரேசில் நட் என்ற கொட்டையின் ஜீனை சோயாவில் சேர்த்தது. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தை வைத்துச் சோதித்ததில் இந்த சோயாவும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. ஆய்வு 1996-ல் வெளியானது. சோயா சந்தைக்கு வரவே இல்லை. பார்சலைப் பிரித்துப் பார்த்ததால் பிடிபட்டது. கூரியரைத் திட்டிக்கொண்டே இருந்திருந்தாலும் பிடிபட்டிருக்காது, புகழ்ந்துகொண்டே இருந்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

இப்போது நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதுதான் என்னை எழுத வைத்தது.

கோட்டயத்தில் இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரப்பர் போர்டின் கீழ் இயங்கும் அரசு நிறுவனம். அங்கே ரப்பர் மரத்தின் சொந்த ஜீன் ஒன்றை எடுத்து, அதன் கூடுதல் நகலை அக்ரோபாக்டீரியத்தின் மூலம் ரப்பருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். குளிர், வறட்சி மாதிரி நெருக்கடிகளில் செல் கெடாமல் காக்கும் ஒரு புரதத்துக்கான ஜீன் அது. 2003-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. கன்று தயார். சோதனை முறையில் நட்டுப் பார்க்க மத்தியக் குழு சம்மதித்தும் கேரள அரசு சம்மதிக்கவில்லை. கடைசியில் 2021 ஜூன் 22-ஆம் தேதி அஸ்ஸாமில், குவாஹாட்டி பக்கத்து சாருதாரியில் நட்டார்கள். மரபணு மாற்றிய ரப்பரை வயலில் நட்டது உலகத்திலேயே அதுதான் முதல் முறை. கோட்டயத்தில் பிறந்த பிள்ளைக்கு பிரம்மபுத்திராக் கரையில் பெயர் சூட்டல்.

2003-லிருந்து 2021. பதினெட்டு வருஷம். ரப்பர் பால் வெட்டுக்கு வர எப்படியும் ஏழு வருஷமாவது வேண்டும். இந்த மரம் நன்றாகப் பால் கொடுக்குமா என்ற அடிப்படைக் கேள்விக்கே 2028-க்கு முன்னால் பதில் கிடைக்காது.

என் மாமா ஒருவருக்குக் குலசேகரம் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் இருக்கிறது. பருத்தி போடுகிறவனுக்கு விதை தப்பாகப் போனால் ஒரு வருஷ நஷ்டம். ரப்பர்காரன் ஒரு முறை கன்று நட்டால் இருபத்தைந்து வருஷம் அதோடு குடித்தனம் நடத்த வேண்டும். மழை தப்பினால் தாங்குகிற மரமா, பால் குறையுமா, நோய்க்கு ஈடு கொடுக்குமா என்று அவர் தன் ஊர் மண்ணிலேயே நட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அஸ்ஸாமின் குளிர் வேறு, நம் பக்கத்துச் சித்திரை வெயில் வேறு. "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அதற்கும் ஒரு சோதனை முடிவு கையில் வேண்டும் அல்லவா? மறுத்ததன் மூலம் கேரளம் அவரைக் காப்பாற்றியதா என்றால், இல்லை, அவருக்குக் கிடைக்க வேண்டிய பதிலைத்தான் தள்ளிப்போட்டது என்பது என் கட்சி.

அந்தப் பயம் சும்மா வந்தது இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தெளித்தது அரசு நிறுவனத்தின் தோட்டத்தில். ஆபத்தில்லை என்று சொல்லித்தான் தெளித்தார்கள். உடம்பு சிதைந்து பிறந்த குழந்தைகளை ஊரே பார்த்தது. "நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள்" என்ற வார்த்தைக்கு அந்த மண்ணில் மதிப்பு இல்லாமல் போனதற்கு யாரைக் குறை சொல்வது? ஆனால் அந்தக் காயத்துக்கு மருந்து, சோதனையைத் திறந்து வைத்துச் செய்வது. கணக்கை ஊர் பார்க்கும்படி வைப்பது. சோதனையே கூடாது என்று கதவைச் சாத்தினால் நாளைக்கு உண்மையிலேயே ஆபத்தான ஜீன் வரும்போதும் நம் கையில் சோதித்த அனுபவம் இருக்காது.

வலியசாலை என்றால் பெரிய சாலை. இந்தச் சாலை ரோடு இல்லை. பழைய காந்தளூர்ச்சாலை என்ற கல்விக்கூடம் இருந்த இடம் இதுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இன்றைக்கும் அதே நகரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் இருக்கிறது. ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் மாற்ற வேண்டும்.

என்ன கேள்வி? கேஒய்சி படிவம் மாதிரியே நான்கு.

ஒன்று, நீ யார்? எந்த ஜீன், எந்த உயிரிலிருந்து வந்தது, கூட யார் யார் ஏறி வந்திருக்கிறார்கள்? ரப்பருக்கு ரப்பரின் ஜீன் என்பது ஒரு கணக்கு. பாக்டீரியாவிலிருந்து பருத்திக்கு வந்த பிடி ஜீன் வேறு கணக்கு. ஜீன் உள்ளே போய்விட்டதா என்று கண்டுபிடிக்க, பல பயிர்களில் ஆண்டிபயாடிக்கைத் தாங்கும் அடையாள ஜீன் ஒன்றும் கூடவே போகும். அதையும் கேட்க வேண்டும்.

இரண்டு, வந்த காரியம் என்ன? புழுவைக் கொல்லவா, வறட்சியைத் தாங்கவா, களைக்கொல்லியைத் தாங்கவா? களைக்கொல்லி தாங்கும் பயிர் வந்தால் மருந்து எவ்வளவு தெளிப்பார்கள், களை பறித்துக் கூலி வாங்கும் பெண்களின் வேலை என்ன ஆகும் என்பது வயிற்றைத் தொடும் கேள்வி. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் டிஎம்எச்-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்தபோது இந்தச் சண்டைதான் வந்தது. 2024 ஜூலை 23-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்.

மூன்று, கணக்கு யார் பேரில்? 2002-ல் பிடி பருத்தி வந்தது. 450 கிராம் விதைப் பாக்கெட் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் பெரும்பகுதி ஜீனுக்கான கட்டணம். ஆந்திர அரசு வழக்குப் போட்டுப் போராடி 2006-ல் 750 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. பாதிக்கும் கீழே! அதே ஜீன் கத்திரிக்காய்க்கு வந்தபோது, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகமும் தன் ரகங்களில் அதைச் சேர்த்தது. விதையை விவசாயி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு. 2009 அக்டோபரில் மத்தியக் குழு அனுமதித்தது, 2010 பிப்ரவரி 9-ல் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். கம்பெனி விதையும் பல்கலைக்கழக விதையும் ஒரே கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டன. பங்களாதேஷ் 2014-ல் தன் விவசாயிகளுக்குக் கொடுத்துவிட்டது.

நான்கு, கெட்டுப்போனால் யார் கட்டுவது? 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பிடி பருத்தியைத் தின்று பழகிவிட்டது என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது. அந்த நஷ்டத்தைச் சுமந்தவர் விவசாயி. ஜாமீன் கையெழுத்துப் போட வேறு ஆளே இல்லை. நான் கடன் கொடுக்கும் இடத்தில் இருந்தால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் வராமல் கோப்பை நகர்த்தவே மாட்டேன்.

வெளியூரில் பிள்ளைகளோடு இருக்கும் நம் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சூப்பர்மார்க்கெட்டில் "மரபணு மாற்றம் இல்லாதது" என்ற சீட்டைப் பார்த்து இரண்டு மடங்கு விலை கொடுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். சில நாடுகளில் உப்புப் பாக்கெட்டிலும் அந்தச் சீட்டு ஒட்டி வருகிறது. உப்புக்கு ஏது ஜீன்? அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் மாற்றிய உணவுக்கு அடையாளம் கட்டாயம். இந்தியாவில் 2021 மார்ச் முதல் 24 வகைப் பயிர்களை இறக்குமதி செய்ய மரபணு மாற்றம் இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். நல்ல விஷயங்கள்தான். ஆனால் இந்தியாவில் விளையும் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பிடி பருத்தி, அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் சமையலுக்கும் போகிறது என்பதை எந்தச் சீட்டும் உங்களுக்குச் சொல்வதில்லை. உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சீட்டு, பெயர் இல்லாத பாஸ்போர்ட் மாதிரி. எந்த ஜீன், எதற்கு, யாருடையது என்று எழுதிய சீட்டைக் கேளுங்கள்.

இன்னொன்று. 2025 மே மாதம் மத்திய அரசு மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கமலா ஒன்று, டெல்லி பூசாவின் டிஎஸ்டி ரைஸ் 1 இன்னொன்று. இந்த வகையில் நெல்லின் சொந்த ஜீனிலேயே சின்னத் திருத்தம். வெளி ஜீன் மிஞ்சாது. கூரியர் வந்த தடமே இல்லாமல் போய்விடும். "பாக்டீரியா ஜீன் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டுப் பழகியவர்களிடம் அப்போது கேட்க ஒரு கேள்வியும் மிஞ்சாது. என் நான்கு கேள்விகள் அப்போதும் மிஞ்சும்.

ஆகவே மக்களே, அடுத்த முறை அந்த ஃபார்வர்டு வந்தால், எந்தப் பக்கத்து ஃபார்வர்டாக இருந்தாலும் சரி, "எந்த ஜீன்?" என்று மட்டும் பதில் போட்டுப் பாருங்கள். குழு கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அதற்குள் கிழங்கு வெந்துவிடும் :-)